சென்னை வீட்டில் சுருட்டுப் பெட்டி: ஈரப்பதம் 78க்குக் கீழே இறங்கவே மாட்டேங்குது

மழைக்கோட் எழுதியது:

வணக்கம். வேளச்சேரியில் மூணாவது மாடி ஃப்ளாட். 50 சுருட்டு கொள்ளும் மர ஹ்யூமிடார், அதான் சுருட்டை ஈரப்பதத்தோட வைக்கிற பெட்டி. மூடியின் உள்பக்கம் பச்சை ஸ்பாஞ்ச் வச்ச கறுப்பு டப்பா, முன்பக்கம் முள் வச்ச ஈரமானி. உள்ளே இப்ப 40 சுருட்டு இருக்கு. பெரும்பாலும் ரொபஸ்டோ அளவு, கொஞ்சம் கொரோனா அளவு.

ஆகஸ்ட் வரைக்கும் முள் 70 பக்கம் நின்னுச்சு. மழை ஆரம்பிச்சதும் 78க்குப் போச்சு, அதுக்கப்புறம் இறங்கவே இல்லை. ஸ்பாஞ்சுக்குத் தண்ணீர் ஊத்துறதை நிறுத்தியும் அப்படியேதான் இருக்கு. சுருட்டைத் தொட்டா மெத்துனு இருக்கு. பத்தவச்சா ஒரு பக்கமா எரியுது, நாலு இழுப்புக்கு ஒரு தடவை அணையுது. ரெண்டு சுருட்டுல எரியும்போதே மேலிலை, அதான் வெளியே சுத்தின இலை, பிளந்துடுச்சு.

படுக்கையறையில் ராத்திரி 10 முதல் காலை 6 வரை ஏசி ஓடும், 24ல். பெட்டி இருக்கிறது கூடத்து அலமாரியில். சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாமா? பெட்டியையே மாத்தணுமா? எவ்வளவு ஈரப்பதத்தில் நிறுத்தினா சரி? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

உள்ளிலை எழுதியது:

முதல்ல அந்த 78 உண்மையான்னு பார்க்கணும். பெட்டியோட வர்ற முள் ஈரமானி 10, 15 புள்ளி தப்பா காட்டுறது சாதாரணம். ஒரு சின்ன டிஜிட்டல் மானி வாங்குங்க. அதையும் அப்படியே நம்பிடாதீங்க, உப்பு வச்சு சோதிச்சுக்கோங்க.

சோதனை இப்படி. தண்ணீர் பாட்டில் மூடியில முக்கால்வாசி தூள் உப்பு போட்டு, சொட்டுச் சொட்டா தண்ணீர் விடுங்க. ஈர மணல் பதம் வரணும். உப்பு கரைஞ்சு மேலே தண்ணீர் நின்னா அதிகம், இன்னும் கொஞ்சம் உப்பு போடுங்க. மூடியையும் மானியையும் ஒரு ஜிப் கவர்ல வச்சு, கொஞ்சம் காத்தோட மூடிடுங்க. உப்பு மானி மேல படக்கூடாது. வெயில் படாத, ஏசி காத்து நேரா அடிக்காத இடத்துல 12 மணி நேரம் விடுங்க. உப்புக் கரைசலுக்கு மேலே இருக்கிற காத்து 75 சதத்தில்தான் நிக்கும். 20 டிகிரியிலும் 30 டிகிரியிலும் அந்த 75ல பெரிசா மாத்தம் இல்லை, அதனாலதான் இந்தச் சோதனை நம்ம ஊருக்கும் சரிப்படும். மானி 71 காட்டினா 4 கூட்டிப் படிங்க, 79 காட்டினா 4 கழிச்சுப் படிங்க. கவரைப் பிரிக்காமலே, வெளியிலிருந்தே படிச்சுடணும். வருஷத்துக்கு ஒரு தடவை திரும்பப் பண்ணுங்க, இந்தச் சென்சார்கள் மெல்ல மெல்ல நகர்ந்துட்டே இருக்கும்.

ஆனா நீங்க சொல்ற அறிகுறியைப் பார்த்தா மானி ரொம்பத் தப்பு சொல்லலை. மெத்துனு இருக்கிறது, அணையுறது, மேலிலை பிளக்குறது எல்லாமே ஊறின சுருட்டோட லட்சணம். நடுவுல திணிச்சிருக்கிற உள்ளிலை சூட்டுல நீராவி விட்டு உப்பும், மெல்லிய மேலிலை அதுக்கு ஈடு கொடுக்க முடியாம கிழியும்.

காரணம் ஸ்பாஞ்ச் இல்லை, உங்க பெட்டியோட கசிவு. மர ஹ்யூமிடார் எல்லாம் வெளியே காத்து வறண்ட ஊருக்காகச் செஞ்சது. குளிர்காலத்துல ஹீட்டர் போட்டு அறை 30 சதத்துக்கு வறண்டு போற இடத்துல, உள்ளே ஈரத்தை விட்டுட்டே இருக்கத்தான் ஸ்பாஞ்ச். அதுக்கு ஈரத்தைத் தரத்தான் தெரியும். சென்னையில அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரை விடிகாலை ஈரப்பதம் 80, 90ல நிக்கும்போது அது வேலையே இல்லாத சாமான். கழட்டி எடுத்துடுங்க.

இப்ப ஒரு கணக்கு பாருங்க. 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காத்து அதிகபட்சம் 30 கிராம் தண்ணீர் தாங்கும். 65 சதம்னா சுமார் 20 கிராம். 10 லிட்டர் டப்பாவுக்குள்ள இருக்கிற காத்துல வெறும் 0.2 கிராம்தான். உங்க 40 சுருட்டு, ஒண்ணு 12 கிராம்னு வச்சா, மொத்தம் 480 கிராம். அதுல 12, 13 சதம் தண்ணீர், அதாவது கிட்டத்தட்ட 60 கிராம். காத்துல இருக்கிறதைப்போல 300 மடங்கு. மானி காட்டுறது அந்த 0.2 கிராமை. நீங்க பார்த்துக்க வேண்டியது அந்த 60 கிராமை. மூடியைத் திறந்ததும் முள் 80க்குத் தாவினா பதற வேண்டியதில்லை, மூடின கொஞ்ச நேரத்துல புகையிலை அதை இழுத்துச் சரி பண்ணிடும். மூடி சரியா உட்காராம ராத்திரி பகலா கசியுறதுதான் வாரக்கணக்குல சுருட்டை ஊற வைக்குது.

கசிவைப் பார்க்க ரெண்டு வழி. 10 ரூபா நோட்டை விளிம்புல வச்சு மூடியை மூடி இழுத்துப் பாருங்க, நாலு பக்கமும். பிடிமானமே இல்லாம வழுக்கிட்டு வந்தா அந்தப் பக்கம் இடைவெளி. இன்னொண்ணு, இருட்டறையில் போன் டார்ச்சை எரியவிட்டு உள்ளே வச்சு மூடுங்க, வெளிச்சம் கோடா தெரியுற இடத்துல காத்தும் போகும். முன்பக்கம் ஈரமானிக்குப் போட்ட ஓட்டை பெரும்பாலும் முதல் குற்றவாளி.

என் யோசனை, சுருட்டை இந்தப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துடுங்க. சுத்தியும் ரப்பர் வாஷரும் நாலு பக்கம் கிளிப்பும் இருக்கிற ஏர்டைட் டப்பா, 8லேர்ந்து 10 லிட்டர், பாத்திரக் கடையிலேயே கிடைக்கும். அதுக்குள்ள இருவழி ஈரப்பைகள் (ஈரம் குறைஞ்சா விடும், கூடினா உறிஞ்சும்), போவேடா பிராண்ட் மாதிரி, 65 நம்பர், அதாவது 65 சதத்துல நிறுத்துறது, 60 கிராம் சைஸ். 25 சுருட்டுக்கு ஒரு பை கணக்கு, உங்களுக்கு ரெண்டு. டப்பா சுருட்டால நிறைய நிறைய ஈரப்பதம் அசையாம நிக்கும். காலி டப்பாதான் ஏறி இறங்கும்.

ஒண்ணு கவனிங்க. புதுப் பை கிட்டத்தட்ட நிறைஞ்சே வரும். ஈரம் கொடுக்கிறதுல கெட்டி, உறிஞ்சுறதுக்கு அதுல இடம் குறைவு. ஊறின 40 சுருட்டையும் பையையும் சேர்த்துப் போட்டு மூடினா பை உப்பிப் போய் எல்லாம் சேர்ந்து 72ல வந்து நிக்கும். அதனால முதல்ல காய வைக்கணும், அப்புறம்தான் பை.

காய வைக்கிறதுக்கு உங்க ஏசி அறையே போதும். 24ல ஏசி ஓடும்போது அறை 50, 60 சதத்துக்கு வந்துடும். ஏசி போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு, டப்பா மூடியைத் திறந்து 30, 40 நிமிஷம் வச்சுட்டு, ஏசி ஓடிட்டு இருக்கும்போதே மூடிடுங்க. தினமும் ராத்திரி இப்படி. சுருட்டை வெளியே பரப்பி ஃபேன் காத்துல விடாதீங்க. மேலிலை ஒரு மணி நேரத்துல காயும், உள்ளிலை காய வாரக்கணக்காகும். வெளியே சுருங்கி உள்ளே உப்பி இருந்தா பத்த வைக்காமலே வெடிக்கும்.

எப்ப போதும்னு தெரிய மானியைப் பார்க்காதீங்க, தராசைப் பாருங்க. நகைக்கடைக்காரங்க வச்சிருக்கிற மாதிரி 0.01 கிராம் காட்டுற பாக்கெட் தராசு ஒண்ணு வாங்கி, ரெண்டு மூணு சுருட்டுக்கு நூல் கட்டி அடையாளம் வச்சு எடைபோடுங்க. 78லேர்ந்து 65க்கு வர 12 கிராம் சுருட்டு ஏறக்குறைய 0.4 கிராம் இழக்கணும். ராத்திரிக்கு 0.03க்கு மேல குறைஞ்சா திறந்து வைக்கிற நேரத்தைக் குறைங்க. ரெண்டு மூணு வாரம் ஆகும், அவசரப்பட வேண்டாம். அந்த எடைக்கு வந்ததும் ரெண்டு பையைப் போட்டு மூடிடுங்க. அதுக்கப்புறம் மூணு நாள் எடை நகராம இருந்தா வேலை முடிஞ்சுது.

சிலிக்கா ஜெல் பொட்டலம் வேண்டாம். மருந்து டப்பாவிலும் செருப்புப் பெட்டியிலும் வர்ற ஜெல்லுக்கு 65ல நிறுத்துற புத்தி கிடையாது, கிடைச்ச ஈரத்தையெல்லாம் இழுத்துட்டே போகும். நிறம் மாறுற நீல ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கும், வாயில வைக்கிற பொருளோட அதை ஒரே டப்பாவில் போடவே கூடாது.

---

கூலர்பெட்டி எழுதியது:

உள்ளிலை சொன்னது எல்லாம் சரி. ஆனா பாதிதான். ஈரத்தைச் சரி பண்ணிட்டு 31 டிகிரி அலமாரியில் வச்சீங்கன்னா ஏப்ரல் மாசம் சுருட்டுல ஓட்டை விழும்.

புகையிலை வண்டுன்னு ஒண்ணு இருக்கு. 2, 3 மில்லிமீட்டர் நீளம், செம்பழுப்பு நிறம், தலையைக் கீழே மடக்கி முதுகு கூன் விழுந்த மாதிரி இருக்கும். முட்டை புகையிலையோடவே வருது, கண்ணுக்குத் தெரியாது. 20 டிகிரிக்குக் கீழே அதுக்கு வளர்ச்சி ரொம்ப மந்தம். 24, 25 தாண்டினா வேகம் பிடிக்கும். 30 டிகிரி அதுக்குக் கல்யாண விருந்து, ஒரு மாசம் சொச்சத்துல முட்டையிலிருந்து வண்டாகி அடுத்த முட்டை போட்டுடும். புழுதான் சுருட்டைக் குடையுறது. வண்டு வெளியே வரும்போது மேலிலையில் குண்டூசித் துளை மாதிரி வட்டமா ஒரு ஓட்டை, டப்பா அடியில் காபிப்பொடி மாதிரி தூள். அதைப் பார்த்தீங்கன்னா அந்த டப்பா முழுக்கச் சந்தேகம்தான்.

கியூபாவோட ஹவானா சுருட்டுகளை ஏற்றுமதிக்கு முன்னாடி உறைய வச்சுத்தான் அனுப்புறாங்க. ஆனா நடுவுல எந்தக் கிடங்குல, எந்தக் கடையில் வேற சரக்கோட கிடந்துச்சுன்னு நமக்குத் தெரியாது. அதனால சென்னையில வீட்டுக்கு வர்ற எந்தச் சுருட்டையும் உறைய வச்சுட்டுத்தான் டப்பாவில் சேர்க்கணும்ங்கிறது என் கட்சி.

முறை: சுருட்டை ஜிப் கவர்ல போட்டு, காத்தை அமுக்கி வெளியேத்தி மூடுங்க. அதை இன்னொரு ஜிப் கவர்ல போடுங்க. ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல ஒரு நாள். அப்புறம் ஃப்ரீசர்ல மைனஸ் 18ல ஒரு வாரம். மூணு நாள் போதும்னு நிறைய பேர் சொல்வாங்க, ஆனா வீட்டு ஃப்ரீசர் தானா பனி உருக்குற வகைன்னா நடுநடுவே சூடேறும். கதவும் திறந்து மூடிட்டே இருக்கும். அதனால ஒரு வாரமே வைங்க. திரும்ப ஃப்ரிட்ஜில் ஒரு நாள். கடைசியா கவரைப் பிரிக்காம வெளியே வச்சு, அறை வெப்பத்துக்கு வந்ததுக்கு அப்புறம் பிரிங்க. இந்தக் கடைசிப் படியிலதான் நிறைய பேர் கெடுத்துக்கிறாங்க. 30 டிகிரி, 70 சதம்னா பனிநிலை 24 டிகிரி. அதுக்குக் கீழ குளிர்ந்திருக்கிற எதை வெளியே எடுத்தாலும் மேலே தண்ணீர் கோக்கும். கவர் மேல கோத்தா துடைச்சுக்கலாம், சுருட்டு மேல கோத்தா மேலிலையில் கறை, அப்புறம் பூஞ்சணம். ஊறின சுருட்டை ஃப்ரீசர்ல வைக்காதீங்க, உள்ளே இருக்கிற தண்ணீர் உறைஞ்சு விரிஞ்சு பிளக்கும். முதல்ல 65க்கு இறக்கிட்டு அப்புறம் உறைய வைங்க.

நிரந்தர ஏற்பாடுன்னா ஒயின் கூலர். ரெண்டு வகை இருக்கு. பெல்டியர் (கரண்ட் போனா ஒரு பக்கம் குளிருற தகடு) வச்சது சத்தமில்லாம ஓடும், ஆனா அறை வெப்பத்தை விட 10, 12 டிகிரிதான் இறக்கும். மே மாசக் கூடம் 36ல இருந்தா உள்ளே 25தான் கிடைக்கும், அதுவும் நாள் முழுக்க ஓடிட்டே இருக்கும். கம்ப்ரஸர் வகை எந்த வெயிலிலும் 18க்கு இறக்கும். ஆனா ஒவ்வொரு தடவை ஓடும்போதும் குளிர் தகட்டுல ஈரத்தைக் கறந்துடும், உள்ளே காத்து 50க்கு விழும், நின்னதும் 70க்கு ஏறும். இதுக்கு எத்தனை பை போட்டாலும் ஈடு கட்ட முடியாது. தீர்வு சுலபம்: கூலருக்குள்ள ஏர்டைட் டப்பா. வெப்பத்தை கூலர் பார்த்துக்கும், ஈரத்தை டப்பா பார்த்துக்கும். ரெண்டையும் ஒரே சாமான் தலையில் கட்டினாத்தான் கஷ்டம்.

18லேர்ந்து 20க்குள்ள செட் பண்ணுங்க. டப்பாவைப் பின்சுவரோட ஒட்டி வைக்காதீங்க, நாலு விரல் இடைவெளி விடுங்க. ஒரு பக்கம் குளிர்ந்து இன்னொரு பக்கம் சூடா இருந்தா உள்ளே இருக்கிற ஈரமெல்லாம் குளிர்ந்த பக்கத்துக்கு நகரும். மானி நடுவுல 65 காட்டும், பின்வரிசைச் சுருட்டு 80ல ஊறிட்டு இருக்கும். டப்பாவை வெளியே எடுத்துத் திறக்கணும்னா, மூடினபடியே அறையில் வச்சு குளிர் போனதும் திறங்க. ஏசி ஓடும் அறைன்னா அரை மணியில் திறந்துடலாம்.

கூலர் வாங்குற எண்ணம் இல்லைன்னா டப்பாவைப் படுக்கையறைக்குக் கொண்டு போங்க. கட்டிலுக்கு அடியில், தரையோட, வெளிச்சுவரைத் தொடாம. கூடத்து அலமாரியை விட பல டிகிரி குறைவா இருக்கும். சமையல் ஃப்ரிட்ஜ் மட்டும் வேண்டாம், அங்கே இருக்கிற மீன் வாசனையும் பெருங்காய வாசனையும் சுருட்டுக்குள்ள போனா வெளியே வராது.

---

மழைக்கோட் எழுதியது:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. உப்புச் சோதனை பண்ணிட்டேன், முள் மானி 75க்கு 73 காட்டுது. அப்போ உள்ளே உண்மையில் 80 இருந்திருக்கு. டிஜிட்டல் மானியும் தராசும் ஆர்டர் போட்டாச்சு.

மூணு சந்தேகம். பிளாஸ்டிக் டப்பாவில் மரமே இல்லாம வச்சா மணம் போயிடாதா? மரம் வைக்கணும்னா எந்த மரம், எங்கே கிடைக்கும்? அப்புறம், நாலஞ்சு சுருட்டு மேல வெள்ளைப் புள்ளி இருக்கு. சிலர் அது நல்லதுன்னு சொல்றாங்க, எண்ணெய் வெளியே வந்து படிஞ்சதாம். கடைசியா, ஒரு அட்டவணை பார்த்தேன், 30 டிகிரியில் வச்சா ஈரப்பதத்தை 40க்கு இறக்கணும்னு போட்டிருக்கு. உண்மையா?

---

வல்லைவெளி எழுதியது:

மரத்தைப் பற்றி நான் சொல்லுறன்.

ஹ்யூமிடார் செய்யிற மரத்தை ஸ்பானிஷ் சீடர் எண்டு சொல்லுவினம். அது தேவதாரு இனமே இல்லை. மத்திய, தென் அமெரிக்காவில், கரீபியன் தீவுகளில் வளருற மரம், மகோகனியும் எங்கட வேம்பும் சேர்ந்த குடும்பம். ஈரத்தை நல்லா இழுத்து நல்லா விடும், மணம் இதமாக இருக்கும். இதை வாங்கப் போய்க் கடைக்காரர் சீடர் எண்டு இமயமலைத் தேவதாருவைத் தந்தால் வாங்க வேண்டாம். அதின்ர எண்ணெய் மணம் சுருட்டை முழுசாக மூடிப்போடும். பென்சில் செய்யிற செஞ்சீடரும் அப்படித்தான். தேக்கிலும் எண்ணெய் இருக்கு. பிளைவுட், எம்டிஎஃப் (மரத்தூளை அமத்திச் செய்யிற பலகை) இரண்டும் பசை மணம், கிட்டவும் கொண்டு போக வேண்டாம்.

உங்கட பக்கத்தில் கிடைக்கிற நல்ல மாற்று சந்தன வேம்பு. மதகிரி வேம்பு எண்டும் சொல்லுவினம். முந்தி ஸ்பானிஷ் சீடரையும் இதையும் தாவரவியலில் ஒரே பேரினமாகத்தான் வைச்சிருந்தவை. சுருட்டுப் பெட்டி செய்ய இந்தியாவில் இந்த மரத்தைப் பாவிச்சிருக்கினம். மரக்கடையில் கேட்கேக்க நல்லாக் காய்ஞ்ச பலகையாகப் பார்த்து, 5, 6 மில்லிமீட்டர் கனத்துக்கு இழைச்சு, டப்பா அடியில் ஒண்டு, நடுவில் தட்டுப் போல ஒண்டு போட்டால் காணும். வார்னிஷ், மெழுகு ஒண்டும் பூசக்கூடாது. பலகையில் பிசுபிசு எண்டு பிசின் புள்ளி வந்தால் ஆல்கஹால் தோய்ச்ச துணியால் துடைச்சு, ஒரு கிழமை காத்தில் விட்டுப் போட்டுப் பாவியுங்கோ.

இன்னும் சுலபமான வழி, சுருட்டு வந்த பெட்டிக்குள்ள வரிசைக்கு வரிசை போட்டிருக்கிற மெல்லிய சீடர் தாள். அதை எறியாமல் டப்பாவுக்குள்ள போடுங்கோ. மரம் முக்கியமாக ஈரம் சட்டென்று ஏறி இறங்காமல் தாங்குறதுக்குத்தான். இரண்டு ஈரப்பை இருக்கிற டப்பாவில் அது இல்லாட்டிலும் சுருட்டு பழுதாகாது.

புது பிளாஸ்டிக் டப்பாவைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, காய்ஞ்ச பிறகு ஒரு கோப்பை சமையல் சோடாவை உள்ளே வைச்சு இரண்டு நாள் மூடி வையுங்கோ. அதுக்குப் பிறகும் மூக்கை வைச்சால் மணம் இருந்தால் அந்த டப்பா வேண்டாம். ரப்பர் வாஷரிலதான் மணம் கூட நிக்கும், அதைக் கழட்டித் தனியாகக் கழுவ வேணும்.

இன்னொரு விசயம். எங்கட யாழ்ப்பாணச் சுருட்டோ, திருச்சி உறையூர்ச் சுருட்டோ வைச்சிருந்தால் இதோட சேர்த்து வைக்க ஏலாது. கோடா எண்ட மணத் திரவம் போட்ட புகையிலையின் மணம் ஒரு மாதத்துக்குள்ள பக்கத்தில இருக்கிற எல்லாத்துக்கும் ஏறிப்போடும். வனிலா, ரம் மணம் ஏத்தின சுருட்டுக்கும் இதேதான். வேற டப்பா, வேற பை. அந்தப் பையையும் பிறகு இங்கால மாத்தக்கூடாது. செலோபேன் உறை இருந்தால் கழட்ட வேண்டாம். அது மரக்கூழில் செய்த தாள், ஈரத்தை மெதுவாக விடும், மேலிலை உரசாமலும் காக்கும். அலுமினியக் குழாயில் வாற சுருட்டுக்கு மட்டும் மூடியைத் திருகித் தளர்த்தி வையுங்கோ, இல்லாட்டில் வெளியே 65 இருந்தாலும் உள்ளே பழைய ஈரமே நிக்கும்.

---

உள்ளிலை எழுதியது:

வெள்ளைப் புள்ளிக்கு வர்றேன். 80ல, 30 டிகிரியில் மாசக்கணக்குல இருந்த பெட்டின்னா அது பூஞ்சணம்தான், வேற எதுவும் இல்லை. லென்ஸ் வச்சுப் பாருங்க, இல்லைன்னா போன் கேமராவைக் கிட்டக் கொண்டு போய் எடுத்துப் பெரிசாக்கிப் பாருங்க. வட்டமா, பஞ்சு மாதிரி, நடுவிலிருந்து நாலாபக்கமும் மயிரிழை போறது தெரியும். எண்ணெய் படிஞ்சதுங்கிற கதையை நம்பி விட்டுடாதீங்க, பக்கத்துச் சுருட்டுக்குப் பரவும்.

மேலிலையில் மட்டும் வெள்ளையா இருந்தா காப்பாத்தலாம். மெல்லிய பருத்தித் துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ரெண்டு சொட்டு விட்டு, அழுத்தாம ஒரே திசையில் துடைங்க. தனி ஜிப் கவர்ல 62 நம்பர்ப் பை ஒண்ணோட ரெண்டு வாரம் ஒதுக்கி வைங்க, திரும்ப வரலைன்னா சேர்த்துக்கலாம். நெருப்பு வைக்கிற முனையைப் பாருங்க, அதுதான் முக்கியம். அங்கே உள்ளிலைக்குள்ள வெள்ளையோ பச்சையோ தெரிஞ்சா, இல்லை பூட்டி வச்ச ஈரத்துணி வாடை வந்தா, தூக்கிப் போட்டுடுங்க. நீலம், பச்சை, கறுப்பு நிறத்துல எங்கே இருந்தாலும் அதே முடிவு. பழைய மரப்பெட்டி உள்ளேயும் ஆல்கஹாலால் துடைச்சு, மூடியைத் திறந்து ஏசி அறையில் ரெண்டு மூணு நாள் விடுங்க. வெயில்ல வைக்காதீங்க, பலகை வளைஞ்சா அப்புறம் மூடி எந்தக் காலத்துலயும் உட்காராது. ஸ்பாஞ்சைக் குப்பையில் போடுங்க, பூஞ்சண வித்து அதுலதான் இருக்கும்.

அட்டவணை விஷயம். அதைப் போட்டவங்க ஒரு கனமீட்டர் காத்துல எத்தனை கிராம் தண்ணீர்ங்கிறதை நிலையா வச்சுக் கணக்குப் போட்டிருக்காங்க. 21 டிகிரி 70 சதத்துல இருக்கிற அதே கிராம் 30 டிகிரியில் ஏறக்குறைய 42 சதம் வரும், அதனால 40னு எழுதிட்டாங்க. புகையிலை அப்படிக் குடிக்கிறதில்லை. இலைக்குள்ள எவ்வளவு தண்ணீர் நிக்கும்ங்கிறதை முடிவு பண்றது ஒப்பு ஈரப்பதம், அதாவது மானி காட்டுற சதம். வெப்பம் ஏறினா அதே சதத்துல இலை கொஞ்சம் குறைவாத்தான் தண்ணீர் வச்சுக்கும். அந்த அட்டவணையை நம்பி 40க்கு இறக்கினீங்கன்னா சுருட்டு சருகாயிடும், எண்ணெய் ஆவியாகிப் போனா திரும்ப ஈரம் ஏத்தினாலும் ருசி வராது.

அதே சமயம் சூடான வீட்டுக்கு 65க்குப் பதிலா 62 வைக்கலாம்னு சொல்றதுல நியாயம் இருக்கு. காரணம் வேற. பூஞ்சணம் 75க்கு மேல சுறுசுறுப்பாகும், சூடு இருந்தா இன்னும் வேகம். மூடிட்ட டப்பாவில் வெப்பம் ஏறினா இலையும் மரமும் தண்ணீரைக் கொஞ்சம் வெளியே விடும், உள்ளே ஈரப்பதம் ரெண்டு மூணு புள்ளி கூடும். 69ல ஆரம்பிச்சா எல்லைக்கு ரொம்பக் கிட்டப் போயிடுவீங்க, 62ல ஆரம்பிச்சா தாராளமா இடம் இருக்கு. கூலர் வாங்கினா 65, கட்டிலுக்கு அடியில்னா 62. கியூபா சுருட்டுக்கு ரெண்டிலும் 62 நல்லா இழுக்கும். மதுரோன்னு சொல்ற கனமான கறுத்த மேலிலைக்கும் அதுவே. ஆப்பிரிக்காவோட மெல்லிய கேமரூன் மேலிலை வறண்டா சட்டுனு வெடிக்கும், அதை 65க்குக் கீழே கொண்டு போகாதீங்க. 72 நம்பர்ப் பை நம்ம ஊருக்குத் தேவையே இல்லை.

பை வாங்கினதும் அது மேலயே பேனாவால எடையை எழுதி வைங்க. மாசம் ஒரு தடவை நிறுத்துப் பாருங்க. எடை குறைஞ்சு, ஓரம் மொறமொறன்னு கெட்டியானா தீரப் போகுது, மாத்துங்க. சென்னையில பெரும்பாலும் நடக்கிறது தலைகீழ்: எடை கூடும், பை தளதளன்னு உப்பும். அப்படின்னா டப்பா எங்கேயோ கசியுதுன்னு அர்த்தம். வாஷர்ல முடியோ தூசியோ ஒட்டியிருக்கான்னு பாருங்க. உப்பின பையை ஏசி அறையில் ராத்திரி தட்டுல வச்சு எழுதின எடைக்கு இறக்கிட்டுத் திரும்பப் போடலாம்.

---

கூலர்பெட்டி எழுதியது:

ஒரு சின்ன சேர்க்கை. மானியை டப்பா மூடியில ஒட்டாதீங்க, பைக்குப் பக்கத்துலயும் வைக்காதீங்க. பைக்கு எதிர் மூலையில், சுருட்டுங்களுக்கு நடுவுல, அடித்தட்டுல வைங்க. அங்கே 65 வந்தா எல்லா இடத்துலயும் வந்துடுச்சுன்னு நம்பலாம். போன்ல பார்க்கிற புளூடூத் மானின்னா டப்பாவைத் திறக்கவே வேண்டாம். ஆனா கம்ப்ரஸர் கூலரோட இரும்புக் கதவு சிக்னலை அடைக்கும், அதனால கண்ணாடிக் கதவு கூலரா பாருங்க.

மழைக்கோட், நீங்க செய்ய வேண்டிய வரிசை: இன்னிக்கே வெள்ளைப் புள்ளி சுருட்டுகளைத் தனியாப் பிரிங்க. மீதியை டப்பாவுக்கு மாத்தி ஏசி அறையில் காய வைங்க. எடை நின்னதும் ஃப்ரீசர். அதுக்கப்புறம்தான் பை. நடுவுல குண்டூசி ஓட்டை எதிலாவது பார்த்தீங்கன்னா, மத்ததெல்லாம் காயுற வரைக்கும் அந்தச் சுருட்டையும் அது பக்கத்துல கிடந்ததையும் தனித்தனி ஜிப் கவர்ல போட்டுக் கட்டுங்க. வண்டு பறக்கும், டப்பா திறந்திருக்கிற அந்த அரை மணி நேரம் அதுக்குப் போதும்.